குடத்துக்கு ஒரு பூ

சிறு பெண்கள் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. இருவர் எதிரும் புதிருமாக நின்று கைகளைக் கோத்து உயரத் தூக்கிப் பிடித்துக் கொள்வார்கள். மற்றவர்கள் ஒருத்தியின் பாவாடையை ஒருத்தி பற்றிக்கொண்டு, வரிசையாக அந்தக் கைவளைவுக்குள் நுழைந்து நுழைந்து வருவார்கள். பாட்டில் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பூப் பூக்கும். இரண்டு குடத்துக்கு இரண்டு பூ. இப்படியே பத்து வரை போகும். கணக்கு முடிந்ததும் தூக்கிய கைகள் இறங்கி, உள்ளே அகப்பட்டவளைச் சிறைபிடித்துவிடும். நானும் ஆடியிருக்கிறேன். அந்தக் குடம் யார் வீட்டுக் குடம், யார் இடுப்பில் வந்த குடம் என்றெல்லாம் அப்போது யார் கேட்டார்கள்? ஊற்றினால் பூக்கும். அவ்வளவுதான் கணக்கு.

கைகள் இறங்கி என்னைப் பிடித்துக்கொண்டது 2019ஆம் ஆண்டுக் கோடையில்.

சென்னைவாசிகளுக்கு அந்தக் கோடையை நினைவூட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தின ஆண்டு வடகிழக்குப் பருவமழை நகரை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்தின் தாகம் தீர்க்கிற நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் வெடித்துக் கிடந்தன. நான்கும் நிரம்பினால் ஏறக்குறைய 11 ஆயிரம் மில்லியன் கனஅடி தண்ணீர் பிடிக்கும். அப்போது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களை, 'வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்' என்று அனுப்பிவைத்தார்கள். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் ஒன்று வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கல்யாண ஊர்வலத்தை வரவேற்பது போல அதை வரவேற்றார்கள். தண்ணீர் ரயிலேறி வருகிற ஊரில் நான் மல்லிகைச் செடி வளர்த்துக் கொண்டிருந்தேன்.

என் தோட்டம் ஒன்றும் பிரமாதமான தோட்டமல்ல. வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில் ஒரு செம்பருத்தி, ஓர் அரளி, மதில்மேல் சாய்ந்த காகிதப்பூ, தொட்டிகளில் நான்கு ரோஜா, இரண்டு மூன்று பட்டு ரோஜா, இவை எல்லாவற்றுக்கும் மூத்ததாக ஒரு குண்டுமல்லிப் புதர். அந்தப் புதர் என் மாமியார் வைத்தது. அவர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். தண்ணியில்லாக் காடு என்று அரசாங்க உத்தியோகஸ்தர்கள் மாற்றலுக்குப் பயந்த சீமை. ஆனால், மல்லிகைக் கன்று வேண்டுமென்றால் மதுரைக்காரர்களே அந்தச் சீமையின் தங்கச்சிமடத்துக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். மாமியாரும் அங்கிருந்துதான் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கன்றைக் கொண்டுவந்து நட்டார். 2016இல் அவர் காலமானார். செடி இருந்தது.

கோடையில் ஒரு தோட்டத்தைத் தினமும் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மனிதர்களைப் போலவேதான் அங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். செம்பருத்தி ஆர்ப்பாட்டக்காரி. பதினோரு மணி வெயிலுக்கே இலைகளைத் தொங்கப் போட்டுவிட்டு, 'நான் போகிறேன், என்னைப் பிழைக்க வைக்க யாருமில்லையா?' என்று நிற்கும். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஓடிப்போய் ஒரு செம்பு ஊற்றத் தோன்றும். ஆனால், அது எப்போதும் தாகமென்று அர்த்தமல்ல. உச்சி வெயிலில், வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக இலை தண்ணீரை ஆவியாக விட்டுவிடுகிறது. அதனால் வந்த சோர்வு. மண்ணில் ஈரம் இருந்தால் மாலை ஆறு மணிக்குத் தானாகவே நிமிர்ந்துவிடும். இதை அறியாத இரக்கக்காரர்கள் மத்தியானத்தில் ஊற்றி ஊற்றியே எத்தனையோ செடிகளை வேரழுகச் செய்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான்.

அரளியோ, கஷ்டத்தை வெளியே காட்டாத குடும்பத்துப் பெண். தோல் போன்ற இலை. நெடுஞ்சாலைகளின் நடுவே லாரிப் புகையில் நின்றுகொண்டு பூக்கிற செடிக்கு என் வீட்டு மதிலோரம் சுகவாசம். காகிதப்பூவின் சுபாவம் இன்னும் விசித்திரமானது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையாய்த் தழைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கொஞ்சம் பட்டினி போட்டால்தான் அதற்கு ரோஷம் வந்து நிறம் கொட்டும். பட்டு ரோஜா தன் சதைப்பற்றான தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெயில் வந்தால் விழித்து, வெயில் சாய்ந்தால் தூங்கிவிடும். நிஜ ரோஜாக்கள்தாம் பாவம். வண்டிக்காரனிடம் பூத்திருந்த கோலத்தைக் கண்டு மயங்கி வாங்கியவை. குளிர்ந்த மலைக்காற்றுக்கு ஏங்குகிறவை. சிமெண்டுத் தரையின் சூடு தொட்டிக்குள் ஏறி வேரை வேகவைக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் மல்லிகையின் காரியம் இருக்கிறதே, அதுதான் என்னைக் குழப்பத்தில் மாட்டியது. மற்றச் செடிகள் கோடையைப் பொறுத்துக்கொள்கின்றன. மல்லிகை கோடைக்காகவே காத்திருக்கிறது. நவம்பர் மாதக் கடைசியில் அதைக் கவாத்து செய்ய வேண்டும். முழங்கால் உயரத்துக்கு இரக்கமில்லாமல் வெட்டிவிட்டால், மாசியில் துளிர்த்து, பங்குனியில் மொட்டுக் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் கொட்டுகொட்டென்று கொட்டும். வெயில் ஏற ஏறப் பூக்கும். பூக்கப் பூக்கத் தண்ணீர் கேட்கும். ஊரில் தண்ணீர் இல்லாத மாதமும் மல்லிகை மலரும் மாதமும் ஒன்றே. இயற்கையின் ஏற்பாட்டில் இப்படி ஒரு குறும்பு.

அதிலும் வெட்டியவள் நான். காட்டிலே ஆவாரை இருக்கிறது. யாரும் கவாத்து செய்வதில்லை, தண்ணீர் விடுவதில்லை. அது பாட்டுக்குப் பொட்டல் வெளியில் பொன்னாகப் பூத்துக் குலுங்குகிறது. அதற்கு நான் கடன்பட்டவள் அல்ல. ஆனால், கோடையில் பூக்கவேண்டும் என்பதற்காகவே நான் கத்தரித்துவிட்ட செடி, எட்டடி நிலத்துக்கு வெளியே வேரை விட முடியாதபடி மதிலும் சிமெண்டும் போட்டு நான் அடைத்துவைத்த செடி, அந்தக் கோடையில் என்னிடம் தண்ணீர் எதிர்பார்க்காமல் வேறு யாரிடம் எதிர்பார்க்கும்? இந்த வாதம் எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. சௌகரியமாக இருந்ததாலேயே அதைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பழைய உறைகிணறு ஒன்று இருக்கிறது. தெருவிலேயே ஆழமானது என்று பெயர். அந்த மே மாதத்தில் காலையில் பத்து நிமிஷம் மோட்டார் ஓடும். அப்புறம் காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். பத்து நிமிஷத் தண்ணீரில் ஒரு டிரம் நிறையும். அதில்தான் குளியல், சமையல், பாத்திரம் எல்லாம். நான் அதிலிருந்து தினமும் அரைக்குடம் எடுத்துப் பின்கட்டில் மூடி வைப்பேன். அது மல்லிகையின் பங்கு.

எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். அந்த வண்டிக்கார அம்மாளுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். தெருவுக்குப் பின்னாலுள்ள சந்தில் குடியிருந்தாள். அங்கே கார்ப்பரேஷன் வைத்த கறுப்புத் தொட்டியில் லாரி வந்து ஊற்றினால்தான் தண்ணீர். ஒருநாள் மாலை, கையில் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"லாரி ரெண்டு நாளா வரலம்மா. ஒரு கொடம் கெடைக்குமா? துணிக்குத் தெளிக்கக்கூடத் தண்ணி இல்ல."

"கெணத்துல சுத்தமா இல்லம்மா. மோட்டார் காத்தைத்தான் இழுக்குது" என்றேன்.

அது பொய் என்றும் சொல்லமுடியாது. அந்த மாலை நேரத்தில் கிணற்றில் தண்ணீர் இல்லைதான். டிரம்மின் அடியில் கொஞ்சம் இருந்தது. பின்கட்டில் அரைக்குடம் இருந்தது. அவள் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். நான் கிணற்றைப் பற்றிப் பதில் சொன்னேன். எழுத்தைத் தொழிலாக வைத்திருப்பவளுக்கு இந்த வித்தையெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டுமா?

"சரிம்மா, எல்லா வூட்லயும் இதே கதைதான்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

இதை நான் ஒரு கதையாக எழுதியிருந்தால் அவளுடைய குழந்தையைக் காய்ச்சலில் படுக்கவைத்திருப்பேன். வாசகர் கண்ணீர் விடவும் என்னைத் திட்டவும் வசதியாக இருக்கும். ஆனால் அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாரும் தாகத்தால் மயங்கி விழவில்லை. சோறு வடிக்கவும் துணிக்குத் தெளிக்கவும் ஒருத்திக்கு ஒரு குடம் தண்ணீர் தேவைப்பட்டது. வாழ்க்கையில் நாம் செய்கிற அநியாயங்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குத்தான் இருக்கின்றன. கதைக்கு ஆகாத அளவு.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மேல், வாசல் விளக்கை அணைத்துவிட்டு மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றினேன். குடத்தைச் சரித்தால் சத்தம் கேட்குமென்று செம்பால் மொண்டு மொண்டு, மண்ணோடு மண்ணாகக் கையைத் தாழ்த்தி ஊற்றினேன். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே நடந்தது. விளக்கை ஏன் அணைத்தேன் என்ற கேள்வியை மட்டும் என்னிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டவர் என் கணவர். "இருட்டில் என்ன திருட்டு வேலை?" என்றார் விளையாட்டாக. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "செடி போனால் ஐம்பது ரூபாய்க்கு இன்னொரு செடி. அந்த அம்மாளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்காவிட்டாலும் குடி முழுகிப் போகவில்லை. ஒருதரம் கக்கூஸில் இழுத்து விடுகிற தண்ணீர் உன் அரைக்குடத்தைவிட அதிகம். அதற்கு உன் மனச்சாட்சி உறுத்தவில்லையே? பூவுக்கு ஊற்றினால் மட்டும் ஏன் உறுத்துகிறது?"

சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. ஆனால் என்னை வெகுநேரம் தூங்கவிடாமல் அடித்த வார்த்தை அதுதான். உண்மைதானே? அவள் வந்து கேட்ட அதே நாளில் நான் குளித்தேன். என் குளியலை நான் இருட்டில் செய்யவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. பூவுக்கு ஊற்றியது மாத்திரம் குற்றமாய் உறுத்துகிறது. ஏனென்றால், பூ அவசியமல்ல, ஆடம்பரம் என்று என் மனத்தில் எங்கோ ஒரு கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறான்.

அந்தக் கணக்குப்பிள்ளையின் பேச்சு சரிதானா? இஸ்திரிக்கார அம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் பத்து ரூபாயாகத் துணி தேய்த்துச் சேர்க்கிறவள். மாலையில் பூக்காரி கூடையோடு வந்தால், அவளிடம் முதலில் கைநீட்டுகிறவள் அவள்தான். எதிர்மாடியில் காரில் வந்து இறங்குகிறவர்கள் அல்ல. தலைக்குக் குளிக்கத் தண்ணீர் கிடைக்காத நாளில்கூட ஒரு முழம் பூ அவள் கொண்டையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏழைக்குச் சோறும் தண்ணீரும் போதும், பூ நமக்குத்தான் என்று நினைப்பது இரக்கமல்ல. அகம்பாவத்தில் அது ஒரு தினுசு. என் மாமியாரும் ஊருணிக்கு ஒன்றரை மைல் நடந்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத் தண்ணீர் சுமந்த பெண்தான். அந்த வீட்டிலும் பாத்திரம் கழுவுகிற கல்லோரத்தில் மல்லிகை இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் கை கழுவின தண்ணீரும் அதற்குப் போகும்.

மாமியார் என் நிலைமையில் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி கிணறு இல்லாதவராக, குடத்தோடு நிற்கிறவராகவே இருந்தவர். கிணற்றுக்காரியின் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. அவருடைய பதிலை நான் கடன் வாங்குவது எப்படி?

'என் கிணறு' என்கிறேனே, அந்த வார்த்தையும் அப்போதுதான் தொண்டையில் சிக்கியது. கிணறு என்னுடையது, அதன் உறைகளுக்கு என் மாமனார் பணம் கொடுத்தார். தண்ணீர் யாருடையது? எதிர்மாடிக்காரர்கள் முந்நூறு அடிக்கு ஆழ்துளை போட்ட வருஷத்தில் என் கிணற்றில் நான்கு உறை இறங்கிவிட்டது. அப்போது நான் தெருமுழுவதும் நியாயம் பேசினேன்: நிலத்தடித் தண்ணீருக்கு மதில் உண்டா, எல்லோருக்கும் பொதுவானதை ஒருவர் உறிஞ்சலாமா என்று. பச்சைக்குடம் என் வாசலுக்கு வந்தபோது அந்தப் பிரசங்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைக்கவேண்டுமென்று சட்டம் வந்தபோது, நாங்களும் மொட்டை மாடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய் இறக்கினோம். வானத்திலிருந்து வந்ததைப் பிடித்து வைத்ததும் அது எங்களுடையதாகிவிட்டது! செடியாவது அப்படிச் செய்வதில்லை. வேர் வழியே குடிக்கிற தண்ணீரில் நூற்றில் தொண்ணூற்றேழு பங்குக்குக் குறையாமல் இலை வழியே மறுபடியும் வானத்துக்கே விட்டுவிடுகிறது. தனக்கென்று வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். பூவெல்லாம் அந்தச் சொற்பத்தில் ஆனதுதான்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையும் நினைவுக்கு வராமல் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கொண்டாடுகிற கதை. எனக்கு அந்த வள்ளலிடம் ஒரு சின்ன வழக்கு உண்டு. பாரி கொடுத்தது தேரை, தண்ணீரை அல்ல. பறம்பு மலையில் சுனைகளுக்குக் குறைவில்லை என்று கபிலர் சொல்கிறார். சுனைகள் வற்றி, குடிகள் குடத்தோடு வரிசையில் நிற்கும் நாளில், கடைசிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாரி அந்த முல்லையின் முன் நின்றிருந்தால் என்ன செய்திருப்பான்? தேர் அவனுடையது, இல்லாவிட்டால் நடந்து போகலாம். பிறர் பங்கும் கலந்திருக்கிற ஒரு பொருளை முல்லைக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வந்திருந்தால், புலவர்கள் அவ்வளவு சுலபமாகப் பாடியிருக்க மாட்டார்கள்.

இப்படி மனத்துக்குள் வக்கீல்களை வாதாடவிட்டு நான் நாள் கடத்திக்கொண்டிருந்தபோது, மல்லிகை வேறு ஒரு காரியம் செய்தது. பூத்தது. இருட்டில் யாருக்கும் தெரியாமல் ஊற்றிய தண்ணீரெல்லாம் பொழுது சாய்ந்ததும் வெள்ளை வெளேரென்று மலர்ந்து, மதிலைத் தாண்டித் தெருவெல்லாம் மணத்தது. ஒளித்து வைப்பதற்கு உலகத்தில் எத்தனையோ பொருள்கள் இருக்க, நான் மல்லிகையைப் போய் ஒளித்திருக்கிறேன்!

தேய்த்த துணியைக் கொடுக்க வந்த அம்மாள் வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். "ராத்திரியானா எங்க சந்து பூரா உங்க வூட்டு மல்லி வாசம்தாம்மா. தண்ணியில்லாத நாள்லகூட எப்படித்தான் பூக்குதோ!"

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? மனிதர்களின் அந்தரங்கத்தை எல்லாம் பார்த்தது போலப் பக்கம் பக்கமாக எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். அந்த ஒரு முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மேலும் இரண்டு நாள் ஆயிற்று எனக்குத் தைரியம் வர. வண்டிக்கே போனேன். அவள் ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக் கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டப்ப, தண்ணி இருந்துதும்மா. செடிக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். இல்லேன்னு சொல்லிட்டேன்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைக்கவில்லை. சட்டைக் கை முடிகிறவரை தேய்த்தாள். அப்புறம் கேட்டாள்: "எத்தினி கொடம் ஊத்துவீங்க?"

"அரைக் குடம்."

"அந்தப் பொதருக்கு அரைக் கொடம் பத்தாதேம்மா. வேர் வெந்துடும். அடியில தேங்கா மட்டையப் பரப்பி வையுங்க, ஈரம் நிக்கும்."

நான் மன்னிப்பை எதிர்பார்த்துப் போனேன்; அல்லது நாலு வார்த்தை ஏச்சை எதிர்பார்த்துப் போனேன். தேங்காய் மட்டை யோசனையை எதிர்பார்க்கவில்லை. அதோடு முடிந்தது என்று நிம்மதியாகத் திரும்பியபோதுதான் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மடித்த சட்டையை அடுக்கில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"தர முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் பக்கத்து வூட்ல போயி கேட்டிருப்பேம்மா. ஆழக் கெணறு, உங்ககிட்டயே இல்லேன்னா இந்தத் தெருவுல வேற யார்கிட்ட இருக்கப்போவுதுன்னு அப்படியே திரும்பிட்டேன். கொடம் பத்து ரூபான்னு காசு குடுத்து வாங்கினேன், மூணு நாளு."

இத்தனை நாள் வக்கீல்கள் வாதாடியதில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. பூவா, மனிதரா என்று தராசைத் தூக்கிப் பிடித்துக் கொண்டிருந்தேன். தராசின் எந்தத் தட்டிலும் இல்லாத ஒன்று அவளுக்கு நேர்ந்திருக்கிறது. நான் மறுத்திருந்தால் அவள் ஒரு குடத்தை மட்டும் இழந்திருப்பாள். பொய் சொன்னதால் தெருவிலிருந்த மற்ற வாசல்களையும் இழந்தாள். மறுத்தவளை அவள் நாலு பேரிடம் ஏசியிருக்கலாம். கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அந்த உரிமையையும் நான் எடுத்துக்கொண்டேன். அதோடு அவளிடமே ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். அரைக்குடம் தண்ணீர் அந்தக் கணக்கில் மிகச் சின்ன தொகை.

மறுநாள் காலையிலிருந்து மோட்டார் நின்றதும் முதல் குடம் அவளுக்கு என்று ஏற்பாடாயிற்று. மல்லிகைக்கு அரிசி களைந்த தண்ணீரும், கறிகாய் கழுவின தண்ணீரும், மிஞ்சினால் ஒரு செம்பு நல்ல தண்ணீரும். அடியில் தேங்காய் மட்டை. வடிகட்டும் மெஷின் கழித்து விடுகிற தண்ணீரையும் கொஞ்ச நாள் ஊற்றிப் பார்த்தேன். உப்பு மிகுந்து இலை ஓரம் கருகியதால் அதைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொண்டேன். ரோஜாக்களை விட்டுவிட்டேன். நான்கும் இரண்டு வாரத்தில் குச்சியாகிவிட்டன. மல்லிகைக்கு மாமியாருடைய சிபாரிசு இருந்தது, ரோஜாவுக்கு யாரும் இல்லை. அதுதான் நான் செய்த நியாயம். அதை நியாயம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இதனால் நான் உத்தமியாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாலாம் நாள் எதிர்மாடி வாட்ச்மேன் கிழவர் ஒரு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அங்கே தண்ணீர் லாரி வாங்கினாலும் வாட்ச்மேன் அறைக்கு வருவதில்லையாம். டிரம்மில் தண்ணீர் இருந்தது. அது வீட்டுக்கே பற்றாது. "பெரியவரே, தண்ணி இருக்கு. ஆனா வெளியில ஒரு குடம்தான் தர முடியும், அதை இஸ்திரிக்கார அம்மாவுக்குக் கொடுத்துடறேன். உங்களுக்குத் தர முடியலை" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் மதிலோரம் பூத்து நின்ற மல்லிகையையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். பொய் சொல்லி அனுப்பிய நாளைவிட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பார்த்த பார்வை சரியா தவறா என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நாலாவது வீட்டில் அவருக்குத் தண்ணீர் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. அது என் புண்ணியம் அல்ல.

ஜூன் மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மழை வந்தது. ஏரிகளுக்கு அது உறை போடக் காணாது. ஆனாலும் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து நனைந்தோம். அதற்கு முந்தின வாரம், குடத்தை எடுக்க வந்த அம்மாள், மல்லிகைப் புதரின் அடியில் குனிந்து மட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். விரலால் மண்ணைத் தொட்டு ஈரம் பார்த்தாள். பிறகு, தாழ்ந்து கிடந்த ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு பதியன் போட்டுத் தருவீங்களா? எங்க வூட்டு வாசல்ல ஒரு டின்னு வைக்கிற எடம் இருக்கு" என்றாள்.

"வேர் பிடிக்க ரெண்டு மூணு மாசம் ஆகுமே" என்றேன்.

"ஆவட்டும்மா. மழைக்கப்புறமே எடுத்துக்கறேன். இப்பக் கொண்டுபோனா அதுக்கு வேற யார் வூட்ல போயி தண்ணி கேக்கிறது?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்தி, எழுந்துவிடாமல் மேலே ஒரு செங்கல்லை வைத்தேன்.